சூரிய மின்சாரமும் திறக்க மறுக்கும் படிவமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கூரைமேல் சூரிய மின்சாரத்துக்கு அரசு கொடுக்கும் விலை குறைந்துகொண்டு போவது பற்றியும், பண்டிகைக் காலத்தில் பகல் வேளையில் அதை நிறுத்தி வைக்கும்படி கேட்டது பற்றியும் தங்கள் பத்திரிகையில் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியவற்றோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் அந்தக் கடிதங்களில் இதுவரை இடம்பெறாத ஒரு விடயத்தை, அதை நாள்தோறும் என் மேசையில் காண்பவன் என்ற முறையில், எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு வாங்கும் சூரிய மின்சாரத்தின் விலையை அமைச்சரவை தீர்மானிக்கிறது. அந்த விலை ஒரு குடும்பத்துக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது, பல வேளைகளில், ஒரு கணினிக் கோப்பு மறுமுனையில் ஒழுங்காகத் திறக்கிறதா என்பதில் தங்கிவிடுகிறது.

நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் 17 ஆண்டுகளாகத் தட்டச்சும் நிழற்பிரதியும் படிவம் நிரப்புதலுமாக ஒரு சிறு கடை நடத்தி வருகிறேன். பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம் முதல் வங்கிக் கடன் படிவம் வரை இந்தச் சுற்றாடல் மக்களின் கடதாசிகளில் பாதி என் கைக்கு வந்து போகும். கடந்த சில ஆண்டுகளாக அவற்றுள் அதிகரித்திருப்பவை சூரிய மின்சார இணைப்புக்கான விண்ணப்பங்கள்தான். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ஏனையவற்றுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ அதுவே.

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமது சேமிப்பையும் ஒரு வங்கிக் கடனையும் சேர்த்து 5 கிலோவாட் அளவில் சூரியத் தகடுகள் பொருத்த விரும்பினார். அவரை நாங்கள் எல்லோரும் ரீச்சர் என்றுதான் அழைப்பது. விண்ணப்பப் படிவம் உரிய அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் வேர்ட் கோப்பாக வந்தது. அதன் ஆங்கிலப் பகுதி சாதாரண எழுத்துருவிலும் தமிழ்ப் பகுதி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலும் அமைந்திருந்தன. படிவம் பாமினியில் இருந்தமையால் நானும் பெயரையும் முகவரியையும் பாமினியிலேயே தட்டச்சுச் செய்து, மின்கணக்கிலக்கத்தின் 10 இலக்கங்களையும் அதற்கென இருந்த 10 கட்டங்களில் ஒவ்வொன்றாக இட்டு, ரீச்சர் முன்னிலையில் இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்து அனுப்பினேன். என் கடையில் இருப்பது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் என்ற ஆவண மென்பொருள். உரிமம் பெற்ற மென்பொருளை ஆண்டுதோறும் பணம் கட்டி வைத்திருக்க என் வருமானம் இடம் தராது. இந்த மாவட்டத்தில் என்னைப் போன்ற கடைகள் பலவற்றின் நிலைமையும் இதுதான்.

இரண்டு கிழமை கழித்து, கணக்கிலக்கம் முழுமையாக இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. என் திரையில் முழுமையாகவே இருந்தது. மீண்டும் அனுப்பினேன். அடுத்த முறை, விண்ணப்பதாரரின் முகவரி தெளிவாக இல்லை என்று திரும்பியது. ரீச்சர் என் கடைக்கு வந்து, கோபமில்லாமல், "தம்பி, நான் சொன்னதை நீர் சரியாத்தானே அடிச்சனீர்?" என்று கேட்டார். 17 ஆண்டுகளில் என்னிடம் எவரும் அப்படிக் கேட்க நேர்ந்ததில்லை. அன்றே அவரையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையான மனிதர். தமது கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். என் திரையில் ஒரே வரிசையில் நின்ற 10 கட்டங்களில் கடைசி இரண்டும் அங்கே கீழே சரிந்து, அடுத்த கேள்விக்கு அடியில் மறைந்து கிடந்தன. மேலிடத்திலிருந்து திரும்பி வந்த பிரதியிலோ, அங்குள்ள கணினியில் பாமினி எழுத்துரு இல்லாதபடியால், ரீச்சரின் பெயரும் முகவரியும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறியிருந்தன. பாமினியைப் பழகியவர்களுக்குத் தெரியும்: அதில் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி உண்மையில் ஓர் அரைப்புள்ளிக் குறி. எழுத்துரு இல்லாத இடத்தில் 'அம்மா' என்ற சொல்கூட நடுவில் அரைப்புள்ளி விழுந்த நான்கு ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். 34 ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்த ஒருவர், தமது பெயர் ஓர் அரசாங்கக் கடதாசியில் அந்தக் கோலத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் முறை எல்லாவற்றையும் அச்செடுத்து, கையொப்பமிட்டு, நேரில் கொடுத்தோம். அதற்குள் ஏழு கிழமைகள் போய்விட்டன. அந்த ஏழு கிழமைகளுக்குள் அரசு வாங்கும் விலை அலகுக்கு 27 ரூபாவிலிருந்து 20.90 ரூபாவாக இறங்கிவிட்டது. ஒப்பந்தம் எழுதப்படும் நாளில் உள்ள விலைதான் பொருந்தும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. ரீச்சரின் வீட்டுப் பாவனை போக மாதம் 450 அலகு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், அலகுக்கு 6.10 ரூபா வீதம் மாதம் 2,745 ரூபா, ஆண்டுக்கு 32,940 ரூபா அவருக்கு இல்லாமற் போகிறது. அவருடைய கடன் தவணையோ முதல் எழுதிய தொகைதான். ஆகவேதான் கோப்பின் அமைப்பு என்பது கணினி தெரிந்தவர்களின் சில்லறைப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது என்கிறேன். விலை ஒரு திகதியோடு கட்டப்பட்டு, அந்தத் திகதி ஒரு படிவத்தோடு கட்டப்பட்டிருக்கும்போது, அந்தப் படிவம் எந்தத் தரத்தில் எழுதப்படுகிறது என்பதும் எரிசக்திக் கொள்கையின் ஒரு பகுதிதான்.

இப்படி நேர்வதற்கான காரணம் யாழ்ப்பாணத்தில் தொடங்கியதல்ல. அலுவலக ஆவணங்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு தரம் இருந்திருந்தால் அந்தக் கட்டங்கள் சரிந்திருக்க மாட்டா. ஓப்பன் டொக்கியுமென்ட் என்ற திறந்த அமைப்பைச் சர்வதேச தர நிர்ணய அமைப்பு 2006 ஆம் ஆண்டில் 26300 என்ற இலக்கத்தில் தரமாக ஏற்றுக்கொண்டது. எந்த நிறுவனமும், எந்தத் தனிமனிதரும், எவருக்கும் பணம் கட்டாமல் அதன்படி ஒரு மென்பொருளை எழுதலாம். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வேர்ட் முதலிய தனது மென்பொருள்களின் கோப்பு அமைப்பை ஒபிஸ் ஓப்பன் எக்ஸ்.எம்.எல். என்ற பெயரில், 6,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு விவரணமாக, விரைவு வழியில் அதே அமைப்பின் முன் வைத்தது. 2007 செப்ரெம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அது போதிய ஆதரவைப் பெறவில்லை. 2008 பெப்ரவரியில் ஜெனீவாவில் கூடிய கூட்டத்தில், ஆயிரக்கணக்கில் வந்திருந்த கருத்துகளை ஐந்தே நாட்களில் பரிசீலித்து, அதன் பின் நாடுகள் தங்கள் வாக்கை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்து, அது நிறைவேற்றப்பட்டது. இந்தியா, பிரேசில், தென்னாபிரிக்கா, வெனிசுவேலா ஆகிய நான்கு நாடுகள் செய்த மேன்முறையீடுகள் நிராகரிக்கப்பட்டன. அதே ஆண்டு 29500 என்ற இலக்கத்தில் இரண்டாவது தரமும் வெளிவந்தது. ஒரே வேலைக்கு இரண்டு சர்வதேசத் தரங்கள் உருவான கதை இதுதான்.

இரண்டாவது தரத்துக்குள்ளும் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று கண்டிப்பான வகை. மற்றது பழைய கோப்புகளின் பழக்கங்களை அப்படியே சுமந்து வரும் இடைக்கால வகை. நடைமுறையில் அலுவலகங்களிலிருந்து வருவது பெரும்பாலும் இந்த இடைக்கால வகைதான். எத்தகைய பழக்கங்கள் சுமந்து வரப்பட்டன என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். 1900 ஆம் ஆண்டு லீப் ஆண்டு அல்ல. அந்தப் பெப்ரவரிக்கு 28 நாட்களே. ஆனால் 1980களில் லோட்டஸ் என்ற கணக்கு மென்பொருள் அதை லீப் ஆண்டாகக் கொண்டது, பின்னர் வந்த எக்ஸெல் அதனோடு ஒத்துப்போவதற்காக அதே பிழையைப் பின்பற்றியது, கடைசியில் அந்தப் பிழை ஒரு சர்வதேசத் தரத்தின் பக்கங்களுக்குள்ளும் எழுதப்பட்டது. தரம் என்பது பிழையைத் திருத்துவதற்கான இடமாக இருக்க வேண்டும். இங்கே பிழையே தரமாகிவிட்டது. லிப்ரே ஒபிஸ் போன்ற மென்பொருள்களை உருவாக்குவோர் அந்தக் கோப்புகளைச் சரியாகத் திறக்க ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டு வருகிறார்கள், பெரும்பாலான கடிதங்கள் இப்போது குறையின்றித் திறக்கின்றன என்பதை நான் நன்றியோடு ஒப்புக்கொள்வேன். ஆனால் கட்டங்களும் அட்டவணைகளும் நெருக்கமாக அடைக்கப்பட்ட படிவங்கள்தான் இன்றும் குலைகின்றன. அரசாங்கம் மக்களுக்குக் கொடுப்பதோ முழுக்க முழுக்க அத்தகைய படிவங்களைத்தான்.

தமிழ் எழுத்து விடயத்தில் உலகத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான கணினிக் குறியீடாக 1991 இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இலங்கையின் தர நிறுவனமும் 2008 ஆம் ஆண்டிலேயே எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ்த் தரத்தை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2010 இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி யுனிகோட்டை ஏற்றுக்கொண்டது. 1988 இன் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழியாக்கியது. இவ்வளவும் கையில் இருக்க, பொதுமக்களுக்கு அனுப்பப்படும் படிவம் ஒன்று இன்னமும் பாமினியில் வருவதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. பாமினி மீது எனக்கு வெறுப்பில்லை. போர்க்காலத்தில் எங்கள் கல்யாண அழைப்பிதழ்களையும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளையும் அதுதான் அச்சேற்றியது, என் விரல்கள் இன்றும் அதன் விசைகளையே தேடிப் போகின்றன. அச்சிட்டுக் கையில் கொடுக்கும் காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போக வேண்டிய ஆவணத்துக்கு அது போதாது. தமிழில் விண்ணப்பிக்கும் உரிமையைச் சட்டம் தந்து, அந்தத் தமிழ் மறுமுனையில் தமிழாகவே தெரியாது என்றால், அந்த உரிமை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

இனி எரிசக்திக் கொள்கைக்கு வருகிறேன். 2016 செப்ரெம்பரில் "சூரிய பல சங்கிராமய" என்ற பெயரில் கூரைமேல் மின்சாரத் திட்டம் தொடங்கப்பட்டபோது, மிகுதி மின்சாரத்துக்கு முதல் 7 ஆண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபாவும் அதன் பின் 20 ஆம் ஆண்டு வரை 15.50 ரூபாவும் தருவதாக உறுதியளிக்கப்பட்டது. நாடு இருளில் கிடந்த 2022 இல், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்த அந்த ஆண்டின் பிற்பகுதியில், புதிதாக இணைவோருக்கு 37 ரூபா என்றார்கள். 2024 இல் 27 ரூபா. 2025 இல் 5 கிலோவாட் வரையான வீடுகளுக்கு 20.90 ரூபா. நாங்கள் கட்டும் கட்டணமும் அப்படித்தான் ஆடியது: 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீத ஏற்றம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீத ஏற்றம், பின்னர் சில குறைப்புகள், 2025 ஜனவரியில் 20 சதவீதக் குறைப்பு, அதே ஆண்டு ஜூனில் மீண்டும் 15 சதவீத ஏற்றம். தகடுகளின் விலை உலகச் சந்தையில் இறங்கியிருக்கிறது, ஆகவே வாங்கும் விலையும் இறங்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 20 ஆண்டு ஒப்பந்தத்துக்கு மக்களை அழைக்கும் அரசு, இரண்டு ஆண்டு தள்ளி என்ன விலை இருக்கும் என்பதற்கு ஓர் அட்டவணையையாவது முன்கூட்டியே வெளியிட்டிருக்க வேண்டும். கூப்பனில் மாவும் சீனியும் வாங்கிப் பழகிய மக்கள் நாங்கள்; அளவு குறையும் என்றால் குறைத்துக்கொண்டு வாழத் தெரியும். எப்போது குறையும் என்று தெரியாமல் கடன் எடுக்கத்தான் முடியாது.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்று விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் சொன்னார். பின்னர் வந்த விளக்கங்களில், விடுமுறை நாட்களின் பகல் வேளையில் பாவனை குறைந்திருக்க, சூரிய மின்சாரம் மிகுந்திருந்தமையால் மின்வலையமைப்பு தளம்பலைத் தாங்கும் வலுவை இழந்திருந்தது என்பதும் சொல்லப்பட்டது. தொழில்நுட்ப ரீதியில் அது உண்மையே. பாரிய சுழல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றின் சுழற்சியின் கனமே மின்வலையின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. கூரைத் தகடுகளுக்கு அந்தக் கனம் கிடையாது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைமேல் மின்சாரத்தைப் பகலில் தாமாகவே நிறுத்தி வைக்கும்படி பாவனையாளர்களிடம் கேட்டதும் இதனால்தான். என் கேள்வி வேறு. 2016 இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இத்தனை இணைப்புகளை வழங்கியபோது, அவற்றின் பகல் மிகுதியைச் சேமித்து மாலை உச்ச வேளைக்குக் கொடுக்கும் மின்கலத் தொகுதிகளை மின்வலையில் ஏன் அதே வேகத்தில் சேர்க்கவில்லை? பகலில் கொட்டிவிடும் மின்சாரத்துக்கும், மாலையில் டீசலும் நிலக்கரியும் எரித்துப் பெறும் மின்சாரத்துக்கும் நாம்தானே பணம் கட்டுகிறோம்.

ரீச்சர் வீட்டு விறாந்தைச் சுவரில், தகடுகளின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் மாட்டிய பிறகு நான் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய வீடு மின்மாற்றியிலிருந்து நீண்டு வரும் கம்பித் தொடரின் கடைசியில் இருக்கிறது. நமது வழங்கல் 230 வோல்ற், அதிலிருந்து 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்பது விதி. அதன்படி 244 இற்குள் நிற்க வேண்டும். வெயில் ஏறி, ஒழுங்கையிலுள்ள ஏனைய கூரைகளும் மின்சாரம் அனுப்பத் தொடங்கியதும், இன்வேர்ட்டரின் சிறிய திரையில் இலக்கம் 246, 249, 251 என்று ஏறுகிறது. 253 ஐத் தாண்டியதும் உள்ளே 'டிக்' என்ற ஒரு சத்தம்; பச்சை விளக்கு சிவப்பாகிறது; உற்பத்தி பூச்சியம். சில நிமிடங்களில் தானே மீண்டும் தொடங்கி, மீண்டும் ஏறி, மீண்டும் 'டிக்'. நண்பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் நான் அங்கே இருந்த ஒரு நாள் இது ஒன்பது முறை நடந்தது. அவர் கடன்பட்டு வாங்கிய தகடுகள் மிக நன்றாக உழைக்கக்கூடிய இரண்டு மணித்தியாலங்கள் அவைதான். மின்மாற்றியின் இணைப்பு நிலையை ஒரு படி இறக்குவதாலோ தடித்த கம்பி இழுப்பதாலோ தீரக்கூடிய குறை இது.

இதை முறையிடுவதற்கு, மின்னழுத்த அளவீடுகளை அட்டவணையாகத் தரும்படி கேட்டார்கள். இன்வேர்ட்டரின் செயலியிலிருந்து அவற்றை எக்ஸெல் கோப்பாக இறக்கிக் கொடுத்தோம். அந்தச் செயலி மாதத்தை முன்னும் நாளைப் பின்னுமாக எழுதுவது. 08/09 என்று இருந்ததை, அதாவது ஓகஸ்ட் 9 ஐ, அங்கே செப்ரெம்பர் 8 என்று வாசித்தார்கள். செப்ரெம்பர் 8 ஆம் திகதி எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே அளவீடுகள் நம்பத்தக்கவை அல்ல என்று முறைப்பாடு மூடப்பட்டது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் திகதியை எழுதுவதற்கு 8601 என்ற சர்வதேசத் தரம் 1988 இலிருந்து இருக்கிறது. இந்த ஒரு விடயத்தில் உலகம் ஒரே தரத்தை ஏற்படுத்தியும், அதை இயந்திரம் செய்தவரும் கேட்கவில்லை, முறைப்பாட்டை வாங்கியவரும் கேட்கவில்லை. படிவத்தால் ஒரு முறை விலையை இழந்தவர், திகதியால் ஒரு முறை நியாயத்தையும் இழந்தார்.

யாழ்ப்பாணத்தவர்கள் மின்சாரத்தின் அருமை தெரியாதவர்கள் அல்லர். 1990களில் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு, மண்ணெண்ணெயும் அருந்தலாகி, ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்துப் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை என்னுடையது. சைக்கிள் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் எங்கள் தகப்பன்மார். போருக்குப் பிறகு சுன்னாகத்தில் டீசல் மின்நிலையங்களால் வெளிச்சம் வந்தபோது, அதோடு சேர்ந்து சுற்றுவட்டாரக் கிணறுகளில் கழிவு எண்ணெயும் வந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அங்கிருந்த தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே டீசலுக்குப் பதிலாகச் சூரியனும் காற்றும் என்று அரசு சொன்னபோது எங்களை விட மனப்பூர்வமாக அதை வரவேற்றவர்கள் இந்த நாட்டில் இருந்திருக்க மாட்டார்கள். அதற்குக் கிடைத்த பதிலை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்களிடம் கேட்டுப் பார்க்கலாம். இந்த மூன்று தீவுகளுக்கும் காற்றும் சூரியனும் கலந்த மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, அயல்நாட்டின் ஆட்சேபத்தோடு நின்றுபோய், 1.1 கோடி அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஓர் இந்திய நிறுவனத்துடன் மீண்டும் ஒப்பந்தமானது. 2,230 கிலோவாட் கொண்ட ஒரு சிறிய திட்டம். கையொப்பம் மாறவே மூன்று ஆண்டுகள் சென்றன. அந்த மூன்று ஆண்டும் தீவுக்குப் படகில் போனது டீசல்தான்.

இந்த நாட்டுக்கு ஒரு தரத்தைத் தெரிந்து அதை நடைமுறைப்படுத்தத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. எங்கள் வீடுகளில் முன்பு உருண்டை முள்ளுப் பிளக் ஒரு வகை, பெரிய உருண்டை முள் இன்னொரு வகை, சதுர முள் வேறொரு வகை என்று இருந்தன. துணி தேய்க்கும் மின்னழுத்தி ஒன்று வாங்கினால் அதோடு ஒரு மாற்றியும் வாங்க வேண்டும், அந்த மாற்றி சூடேறிக் கருகிய வீடுகளும் உண்டு. 2016 ஆம் ஆண்டில் 13 அம்பியர் சதுர முள்ளே இந்நாட்டின் ஒரே தரம் என்று தீர்மானித்து, வியாபாரிகளுக்குக் கால அவகாசம் கொடுத்து, படிப்படியாக மற்றவற்றை நிறுத்தினார்கள். இன்று புதிதாகக் கட்டும் எந்த வீட்டிலும் அந்தப் பிரச்சினை இல்லை. பிளக்குக்குச் செய்ததைப் படிவத்துக்கும் செய்யலாம். பிரித்தானிய அரசாங்கம் 2014 இல் தனது அலுவலகங்களில் பகிர்ந்து திருத்தும் ஆவணங்களுக்கு ஓப்பன் டொக்கியுமென்ட் தரத்தையே ஏற்றுக்கொண்டது. சதுர முள்ளும் பிரித்தானியத் தரந்தான்; அதை எடுத்த அதே இடத்திலிருந்து இதையும் எடுக்கலாம்.

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியங்கள். மின்சார இணைப்பு, கட்டணம், முறைப்பாடு சம்பந்தமான ஒவ்வொரு படிவமும் தமிழிலும் சிங்களத்திலும் யுனிகோட் எழுத்தில், திறந்த ஆவணத் தரத்தில் வெளியிடப்பட வேண்டும். கூடவே, நிரப்பி அச்செடுக்கக்கூடிய ஒரு பி.டி.எஃப். பிரதியும் இருந்தால் போதும், கடைகளில் எவருடைய கட்டமும் சரியாது. இதை விட முக்கியமானது, விண்ணப்பம் முதன்முதலாகக் கையளிக்கப்பட்ட நாளைப் பதிவுசெய்து, விண்ணப்பதாரரின் தவறல்லாத காரணத்தால் அது திருப்பப்பட்டிருந்தால், முதல் நாளில் நடைமுறையில் இருந்த விலையையே அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான். ஏற்கெனவே அவ்வாறு பாதிக்கப்பட்டோரின் கோவைகளையும் மீளப் பார்க்க வேண்டும். வாங்கும் விலை எப்போது, எவ்வளவு குறையும் என்பதை ஆண்டுத் தொடக்கத்தில் வெளியிடட்டும். பகலில் நிறுத்தச் சொல்லும் நாட்களில், நிறுத்தி ஒத்துழைத்தவருக்கு முந்திய கிழமையின் சராசரி உற்பத்தியைக் கணக்கிட்டு ஏதாவது கொடுப்பதும் நியாயமே. நிலக்கரி மின்நிலையம் ஒன்றை நிறுத்தி வைத்தால் அதன் செலவை யாரோ ஏற்கிறார்கள் அல்லவா.

எங்கள் பகுதி அலுவலர்களை நான் குறை கூறவில்லை என்பதை மீண்டும் சொல்லிக்கொள்கிறேன். திரையைத் திருப்பிக் காட்டிய அந்த அலுவலர், அன்று மட்டும் இதே காரணத்தால் ஆறு விண்ணப்பங்களைத் திருப்ப நேர்ந்தது என்று மன வருத்தத்தோடு சொன்னார். படிவத்தை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது இருப்பவர்களின் கண்ணில் இந்தக் கடிதம் பட வேண்டும் என்பதற்காகவே தங்கள் பத்திரிகையை நாடுகிறேன்.

ரீச்சரின் மின்னழுத்த முறைப்பாட்டை இம்முறை நாங்கள் கணினியில் அனுப்பவில்லை. ஓகஸ்ட் மாதத்து அளவீடுகள் 31 ஐயும் மாதத்தின் பெயரைத் தமிழில் எழுத்தால் குறித்து, கோடு போட்ட புல்ஸ்கப் தாளில், அவரே தமது கையெழுத்தில் எழுதி, சென்ற செவ்வாய்க்கிழமை பதிவுத் தபாலில் சேர்த்தார். பற்றுச்சீட்டு என் மேசையில் இருக்கிறது. பதில் கிடைத்ததும் தங்களுக்கு அறியத் தருவேன்.

இங்ஙனம்,
தட்டச்சு நிலைய உரிமையாளர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.